மூன்றாவது பிரேக்

பத்தொன்பது மணி நேரம்!

லாரி டிரைவர் ராம்பிரவேஷ் லாக்கப்புக்குள் தள்ளப்பட்டு, சரியாகப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

இன்னும் ஐந்து மணி நேரத்துக்குள் அவனைக் கோர்ட்டில் நிறுத்தியாக வேண்டும்.

விபத்து என்று எழுதினால் ஜாமீன் உண்டு.

கொலை என்று எழுதினால்...?

கொல்கத்தா நியூ டவுனில், ஏழாவது மாடி ஆபீஸில், சஹானாவின் செல்போன் அலறியது.

எடுத்தாள். இருபத்தாறு வயது. புள்ளியியல் எம்.எஸ்சி. நான்கு பேர் நிமிர்ந்து பார்த்தால் தன் பெயரையே மறந்துவிடுகிற ரகம்.

"சஹானாவா?"

"ஆ... ஆமா."

"டெபுடி கமிஷனர் பத்மஜா பேசறேன். வீட்ல தமிழ்தானே?"

"ஆமா மேடம்."

"அப்பாடா! இந்த ஊர்ல தமிழ்ல அதட்டி மூணு வருஷம் ஆச்சு. உடனே கிளம்பி ஸ்டேஷனுக்கு வா. துறைமுகம் பக்கம். நேத்து காலையில ஹைட் ரோட்ல ராஜாராமன்னு ஒருத்தர் லாரி ஏறிச் செத்தாரே, தெரியுமா?"



தெரியுமாவா?

நேற்றிலிருந்து அவள் சாப்பிடவே இல்லை!

"தெ... தெரியும்."

"அந்த லாரியில உங்க கம்பெனி கறுப்புப் பெட்டி இருக்கு. உன் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் என் மேஜையில இருக்கு. 'பிரேக் – பூஜ்யம்'னு எழுதியிருக்கே. ஒரு மனுஷன் எதிர்ல நிக்கறான்... பிரேக்கே அடிக்கலேன்னா அதுக்கு என்ன பேரு?"

"மேடம், அது..."

"கொலைன்னு பேரு. வந்து அதை வாயால சொல்லிட்டுப் போ."

போன் வைக்கப்பட்டது.

லாரி கம்பெனிகளுக்கு மார்க் போடுவதுதான் சஹானாவின் வேலை. லாரிக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டி ஒவ்வொரு குலுக்கலையும் அனுப்பும். அதை வைத்து, எந்தக் கம்பெனியின் லாரி எங்காவது போய் மோதும் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்ல வேண்டும்.

பச்சை என்றால் பத்திரம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால், இன்சூரன்ஸ்காரர்கள் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டார்கள்.

ராஜாராமன் மேல் ஏறியது தமால் ரோட்வேஸ் லாரி.

தமால் ரோட்வேஸுக்குப் பச்சை.

அவள் போட்ட பச்சை!

"என்னம்மா, முகம் பேயடிச்ச மாதிரி இருக்கு?"

திரும்பினாள். செந்தில்நாதன். இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் அதிகாரி. கும்பகோணத்துக்காரர். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம். அவள் அப்பா நடராஜனுக்கு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்.

"போலீஸ் கூப்பிடறாங்க அங்கிள்."

"நானும் அங்கதான் போறேன். எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கணும். வா, கார்ல போயிடலாம்."

கார் பைபாஸில் விரைந்தது. சஹானா ஜன்னலைப் பார்த்தபடி விரல் நகத்தைக் கடித்தாள்.

"பாவம் ராஜாராமன்" என்றார் செந்தில்நாதன். "தமால் ரோட்வேஸ்ல சேஃப்டி ஆபீசர். ரோட்டோரம் டீ குடிச்சுக்கிட்டு நின்ன மனுஷன். பொண்ணுக்கு மாசியில கல்யாணம்."

சஹானா கண்களை மூடிக்கொண்டாள்.

"அங்கிள்... என்னாலதான்."

"உளறாதே. லாரியை ஓட்டினது நீயா?"

"இல்ல, ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு. நீயா எதையும் எடுத்துக் குடுக்காதே. போலீஸ்காரங்க நூல் குடுத்தா வேட்டியே நெய்துடுவாங்க!"

"அந்த டிரைவருக்கு என்ன ஆகும்?"

"பிகார்க்காரன். அவங்க ஆளுங்க பார்த்துப்பாங்க."

சொல்லிவிட்டு ஏ.சி.யைக் கூட்டினார்.

கரியாஹாட் மேம்பாலம் தாண்டியதும் சஹானா ஒரு முறை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ஸ்டேஷன்.

பத்மஜா ஐ.பி.எஸ். மேஜைமேல் ஒரு மண் குவளை டீ ஆறிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். மதுரைக் குரல்.

"உட்காரு. சார் யாரு, அப்பாவா?"

"இன்சூரன்ஸ் மேடம். செந்தில்நாதன். எஃப்.ஐ.ஆர். காப்பி..."

"ஓ! நீங்கதானா அது? உட்காருங்க, உட்காருங்க. காப்பி ரெடியாகட்டும். ஆள் செத்தா இன்சூரன்ஸ்காரங்க இவ்வளவு வேகமா வந்து நான் பார்த்ததே இல்ல."

செந்தில்நாதன் சிரித்தார். சுவரோரம் இருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

"தத்தா பாபு!" பத்மஜா வாசலில் நின்ற இன்ஸ்பெக்டருக்குக் குரல் கொடுத்தாள். "டிரைவர் கே நியே ஆசுன்!"

டிரைவரைக் கூட்டி வந்தார்கள். ஒல்லியான ஆள். காலில் செருப்பு இல்லை. சஹானாவின் சட்டையில் இருந்த ஆபீஸ் சின்னத்தைப் பார்த்தான். தன் லாரிக்குள் இருக்கும் கறுப்புப் பெட்டியிலும் அதே சின்னம்!

இரண்டு கைகளையும் கூப்பினான்.

"தீதி... நான் பிரேக் அடிக்கல தீதி. சத்தியமா அடிக்கல. பெட்டியைப் பாருங்க. என் லீவை மட்டும் வெட்டிடாதீங்க!"

இந்தியில் 'அக்கா, அக்கா' என்று கெஞ்சினான்.

பத்மஜா புருவத்தை உயர்த்தினாள். "நேத்துலேர்ந்து இதேதான். 'பிரேக் அடிக்கல, பிரேக் அடிக்கல'ன்னு பெருமையா சொல்றான். என் சர்வீஸ்ல இப்படி ஒரு கொலைகாரனைப் பார்த்ததில்லை. குற்றத்தை ஒத்துக்கிட்டு, லீவும் கேட்கறான்!"

"மேடம்... அவர் குற்றத்தை ஒத்துக்கல."

"பின்னே?"

சஹானா செந்தில்நாதனைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

அவள் ராம்பிரவேஷின் வெறுங்காலைப் பார்த்தாள்.

பேசினாள்.

"திடீர்னு பிரேக் அடிச்சா மார்க் குறையும் மேடம். அது எங்க ஃபார்முலா. அடிக்கடி பிரேக் அடிக்கிறவர் அஜாக்கிரதையா ஓட்டறார்னு அர்த்தம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் கணக்குப் போடறாங்க."

"சரி."

"மார்க் குறைஞ்சா பச்சை போயிடும். பச்சை போனா தமால் ரோட்வேஸுக்கு நல்ல லோடு கிடைக்காது. அதனால அந்தக் கம்பெனியில ஒரு ரூல் போட்டாங்க. ஒரு மாசத்துல மூணு தடவை திடீர் பிரேக் அடிச்சா, பிகார்ல கொண்டாடற சத் பூஜைக்கு ஊருக்குப் போக லீவு கிடையாது."

பத்மஜா டிரைவரிடம் திரும்பினாள். இந்தியில் கேட்டாள்.

"நீ எத்தனை தடவை அடிச்சிருந்தே?"

"ரெண்டு, மேடம்."

மூன்றாவது அடித்திருந்தால் லீவு போயிருக்கும்!

"எப்பப் போகணும் ஊருக்கு?"

"நாளன்னிக்கு. என் பொண்டாட்டி முதல் தடவை விரதம் இருக்கா. சூரியனுக்கு அர்க்கியம் விடும்போது நான் பக்கத்துல தண்ணியில நிக்கணும்."

பத்மஜா மூச்சை இழுத்து விட்டாள்.

"ஏம்மா சஹானா... ஒரு லீவுக்காக ஒருத்தன் மனுஷன் மேல லாரியை ஏத்துவானா?"

"ஏத்த மாட்டார் மேடம். திருப்புவார்!"

"என்னது?"

"எங்க ஃபார்முலாவுல பிரேக்குக்குத்தான் மார்க் குறையும். ஸ்டியரிங்கைத் திடீர்னு ஒடிச்சாக் குறையாது. அதைச் சேர்க்கவே இல்ல. அதனால இந்தக் கம்பெனி டிரைவர்ங்க ஆறு மாசமா பிரேக்கை விட்டுட்டாங்க. எதிர்ல எது வந்தாலும் ஒடிச்சுத் திருப்பறாங்க. எல்லாரும். அறுபத்தெட்டு லாரியும்!"

"ரிப்போர்ட்ல இது இல்லையே?"

"ரிப்போர்ட்ல பிரேக் மட்டும்தான் வரும். முழு டேட்டா என்கிட்ட இருக்கு."

லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு கோடு. சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு, ஓரிடத்தில் செங்குத்தாக எகிறியது.

"இதுதான் நேத்து காலை. மோதறதுக்கு முன்னாடி லாரி இடது பக்கம் ஒடிஞ்சிருக்கு. ராஜாராமன் சார் ரோட்டுலயே இல்ல. இடது ஓரத்துல, டீக்கடைகிட்ட நின்னுக்கிட்டிருந்தார்."

"அப்ப அவரைப் பார்த்துத் திருப்பல."

"இல்ல. வேற எதையோ பார்த்துத் திருப்பியிருக்கார். வலது பக்கத்துலேர்ந்து வந்த எதையோ."

"டிரம்!" என்றான் ராம்பிரவேஷ். அவனுக்குத் தமிழ் தெரியாது. கோட்டைப் பார்த்தே புரிந்துகொண்டான். "டிரம் வந்துச்சுன்னு நேத்தே சொன்னேனே! பொய்னு என்னை அடிச்சாங்க!"

தத்தா பாபு கூரையைப் பார்த்தார்.

பத்மஜா தன் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். எதிர் கோடவுன் கேமராவில் பதிவான படம். லாரி வருகிறது... ஓரத்தில் ராஜாராமன்... கையில் மண் குவளை, காதில் போன்... புழுதி!

"நிறுத்துங்க மேடம்! கொஞ்சம் பின்னாடி!"

படம் பின்னால் போனது. வலது ஓரச் சந்திலிருந்து ஒரு நீல நிறம். ஒரு நொடிதான்.

காலி டிரம்! உருண்டு வந்தது!

"இடிச்ச வேகத்துல எங்கேயோ இருந்து உருண்டதுன்னு நினைச்சோம்" என்றாள் பத்மஜா மெதுவாக.

"இல்ல மேடம். நேரத்தைப் பாருங்க. முதல்ல டிரம். அப்புறம்தான் என் கோடு எகிறுது. அதுக்கப்புறம்தான்..."



"ஆக, டிரம்மை யாரோ உருட்டியிருக்காங்க" என்று பத்மஜா முடித்தாள். எழுந்தாள். நடந்தாள். "சாகறதுக்கு முன்னாடி ராஜாராமனுக்கு ஒரு போன் வந்திருக்கு. நம்பர் யார் பேர்லயும் இல்ல. 'டீக்கடை ஓரமா நில்லு, வரேன்'னு யாரோ சொல்லியிருக்கணும். இவர் வந்து நிக்கறார். லாரி வருது. டிரம் உருளுது. லாரி இவர் பக்கம் திரும்புது. பேஷ்!"

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் செந்தில்நாதன். "இது நல்ல கதை. ஆனா எந்த டிரைவரா இருந்தாலும் டிரம்மைப் பார்த்தா பிரேக்தானே அடிப்பான்? திரும்புவான்னு நம்பி யாராவது கொலை பண்ணுவாங்களா?"

"கரெக்ட் சார். ஊர்ல இருக்கிற எல்லா டிரைவரும் பிரேக் அடிப்பான்" என்றாள் பத்மஜா. "தமால் ரோட்வேஸ் டிரைவரைத் தவிர!"

நின்றாள். சட்டென்று திரும்பினாள்.

"சஹானா! இந்த லாரிங்க பிரேக் அடிக்காது, திரும்பும்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

சஹானா லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"டி... டிரைவர்களுக்கு."

"ஒவ்வொருத்தனும் தன் லீவைக் காப்பாத்திக்கத் திருப்பறான். அறுபத்தெட்டும் திரும்பும்னு மொத்தமாத் தெரிஞ்சவங்க யாரு? ஓனர் தமால் பாபு?"

"தெரியாது. அவர் மார்க்கை மட்டும்தான் பார்ப்பார்."

"உங்க ஆபீஸ்ல?"

"தெரியாது."

"உனக்கு?"

"...தெரியும். துர்கா பூஜைக்கு முன்னாடியே தெரியும். கோடு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். பிரேக் குறையக் குறையத் திருப்பறது ஏறிக்கிட்டே போச்சு."

"பச்சையை மாத்தினியா?"

"இல்ல."

"ஏன்?"

"மீட்டிங்ல சொல்லணும். பன்னெண்டு பேர் இருப்பாங்க. ரெண்டு வாரம் சொல்லணும்னு போனேன். கையைத் தூக்கினேன். ஏ.சி.யைக் குறைக்கணுமான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

பத்மஜா சிரிக்கவில்லை.

சஹானாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா ஃபார்முலாவை மாத்தியிருப்பாங்க. அவர் இன்னிக்கு டீ குடிச்சுக்கிட்டிருப்பார். என்னாலதான் மேடம். எழுதிக்குங்க."

"எழுதறதை நான் பார்த்துக்கறேன். இப்ப என் கஷ்டத்தைக் கேளு. ராஜாராமனைக் கொல்லக் காரணம் இருக்கு. அதனாலதான் முதல் நாளே இதைக் கொலைன்னு நினைச்சேன். தமால் ரோட்வேஸ்ல ஒரே நொறுங்கின லாரியைக் காட்டி மூணு தடவை இன்சூரன்ஸ் வாங்கியிருக்காங்க. அதை ராஜாராமன் கண்டுபிடிச்சுட்டார். இன்னிக்குக் காலையில இன்சூரன்ஸ் விஜிலன்ஸ்ல போய்ச் சொல்றதா இருந்தார். சொல்ல விடல."

"அடக் கொடுமையே!" என்றார் செந்தில்நாதன்.

"காரணம் இருக்கு. ஆனா எப்படிக் கொன்னாங்கன்னு தெரியாம இருந்தது. டிரைவருக்கு யாரோ ஆசை காட்டி ஏத்தச் சொன்னாங்கன்னு நினைச்சேன். இப்பப் பார்த்தா இவனே ஒரு உருண்ட டிரம்தான். இவனை உருட்டினவன் வேற. அவனுக்கு உன் கண்டுபிடிப்பு தெரிஞ்சிருக்கணும்." பத்மஜா மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தாள். "உனக்கு மட்டும்தான் தெரியும்னா, நான் உன்னைத்தான் உள்ளே வைக்கணும். டிரம் உருட்டற கையா இது? யோசிச்சுச் சொல்லு. யார்கிட்டயாவது சொன்னியா?"

செந்தில்நாதன் எழுந்து வந்தார். சஹானாவின் தோளில் கை வைத்தார்.

"மேடம், குழந்தை நேத்துலேர்ந்து சாப்பிடல. இவ அப்பாவுக்கு நான் பதில் சொல்லணும். ஒரு வக்கீலோட நாளைக்குக் கூட்டிட்டு வரேனே?"

"நாளைக்குன்னா இவன் ஜெயில்ல இருப்பான் சார்." பத்மஜா ராம்பிரவேஷைக் காட்டினாள். "நாலு மணிக்குக் கோர்ட். டிரம்மை உருட்டினவன் யாருன்னு தெரியலேன்னா, நான் இவன் மேலதான் கொலைன்னு எழுதணும்."

"சஹானா, தேவையில்லாம யாரையும் இழுத்து விடாதேம்மா" என்றார் செந்தில்நாதன். குரல் கனிவாக இருந்தது. தோளிலிருந்த கை கனத்தது. "நல்லவங்க குடும்பம் கெட்டுப் போயிடும்."



சஹானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ராம்பிரவேஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் தன் தலை இந்தப் பெண்ணின் நாக்கில் தொங்குகிறது என்பது மட்டும் புரிந்தது.

"தீதி" என்றான். "லீவு போனாப் போகட்டும். நான் அந்த பாபுவைக் கொல்லலேன்னு மட்டும் சொல்லுங்க."

அவ்வளவுதான்.

சஹானாவுக்குள் ஏதோ முறிந்தது. மீட்டிங்கில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டாள். ஒருவர் போய்விட்டார். இன்னொரு தடவையா?

"சொன்னேன் மேடம்."

"எத்தனை பேர்கிட்ட?"

"ஒருத்தர்கிட்ட. ஒரே ஒருத்தர்கிட்ட."

"எங்க?"

"லேக் மார்க்கெட் காபிக்கடையில. ஞாயித்துக்கிழமை. அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார். எனக்கு ரெண்டு வாரமாத் தூக்கம் இல்ல. காபி வந்தது. என்ன ஆச்சும்மான்னு அவர் கேட்டார். அழுதுட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பிரேக் அடிக்க மாட்டாங்க, இடது பக்கம் காலியா இருந்தா இடது பக்கம் திருப்புவாங்கன்னு டேபிள்மேல டம்ளரை வெச்சுக் காட்டினேன். அவர் டபராவை உருட்டிப் பார்த்தார்..."

அவள் தோளிலிருந்து கை நழுவியது.

"...'நீ கவலைப்படாதே. யார்கிட்டயும் சொல்லாதே. நான் மேல பேசிக்கறேன்'னு சொன்னார். அன்னிக்குத்தான் தூங்கினேன் மேடம். நிம்மதியாத் தூங்கினேன்."

"யார் அவர்?"

சஹானா திரும்பினாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, ஒருவருடைய கண்ணை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மேல பேசறேன்னு சொன்னீங்களே... யார்கிட்ட பேசினீங்க அங்கிள்?"

 

செந்தில்நாதன் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. முதுகில் தத்தா பாபுவின் தொப்பை இடித்தது.

"மூணு க்ளெய்ம்லயும் உங்க கையெழுத்துதான் சார் இருக்கு" என்றாள் பத்மஜா. "எஃப்.ஐ.ஆர். காப்பிக்கு இவ்வளவு நேரமா ஆகும்? சும்மா உட்கார வெச்சிருந்தேன்."

"மேடம்... இவ சின்னப் பொண்ணு... ஏதோ உளர்றா... நான் என் ஆபீஸ்ல பேசணும்... எனக்குக் கொஞ்சம் டயம் குடுங்க..."

பத்மஜா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். மண் குவளையைக் கூடையில் போட்டாள்.

"டயமா? பதினோரு வருஷமா ஊரையே 'நாளைக்கு வா, நாளைக்கு வா'ன்னு அலைய விட்டீங்களே... இந்த ஊர்லயே சீக்கிரமா செட்டில் ஆகப் போற க்ளெய்ம் உங்களோடதுதான் சார்!"